அரைக்கிணறு

மத்தி டப்பா அடுக்கும் அட்டைப்பெட்டி.
மூடியின் மேல் கரித்துண்டால் சுல்மிரா எழுதியிருந்தாள்:
முடி. இல்லையென்றால் எறி.
லக்சம்பர்க் போகும் இரவுப் பேருந்தில்
கதவு மூடுகிற நேரம் பார்த்து
என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு வருடம் பெனிஷ் மீன் ஆலையில்
ஒரே மேசையில் எதிரெதிரே நின்று
மத்தித் தலை கிள்ளியவர்கள் நாங்கள்.
கையுறை கழற்றும் பத்து நிமிட இடைவேளையில்
அவள் எதையாவது தொடங்குவாள்.
அரைக்கிணறு தாண்டினால் விழுவாய் என்பதெல்லாம்
மற்றவர்களுக்கு.
அவள் கிணற்றின் நடுவே, அந்தரத்தில் நின்றபடி
அடுத்த கிணற்றின் அகலத்தை விசாரிப்பாள்.

முடிக்க என்னால் ஆகாது.
அவள் கை தளர்வு, என் கை இறுக்கம்.
இரண்டும் ஒரே துணியில் சேர்ந்தால்
துணி நொண்டும்.
எறியவும் மனமில்லை,
நூல் என்ன விலை என்று தெரியும்.

மேசைவிரிப்பு ஏழரைப் பூவில் நின்றுபோயிருந்தது.
குளியலறை ஜன்னலில் கட்டினேன்.
பாதி வரைக்கும்தான் எட்டியது.
எதிர்வீட்டு எத்தெல்வினாவுக்கு இப்போது
என் தலை மட்டும் தெரிகிறது.
காலை வணக்கம் சொல்ல
அது போதும்.

ஒரு சட்டையின் ஒற்றைக் கை.
குழந்தைக்கா வளர்ந்தவருக்கா என்று
அவளே தீர்மானிக்காத நீளம்.
ஜெர்மானோவின் காப்பிக் குடுவைக்கு மாட்டிவிட்டேன்.
படகில் இரண்டு நாள் கேலி செய்தார்களாம்.
மூன்றாம் நாள் இயந்திரக்காரன்
குரலைத் தாழ்த்திக் கேட்டானாம்:
இன்னொரு கை இருக்கிறதா?

அப்புறம் அந்தக் கழுத்துப்பட்டி.
கல்யாண உடைக்கென்று தொடங்கியது.
கோயிலில் நாள் குறித்த மறுவாரம்
அபிலியோ அசோர்ஸ் தீவுக்குக் கப்பலேறினான்,
கழுத்துப்பட்டி இடது காதோடு நின்றது.
இப்போது ஆலிவ் எண்ணெய்ச் சீசாவின் கழுத்தில்
வழிகிற சொட்டைப் பிடித்துக்கொள்கிறது.
மஞ்சளடித்துவிட்டது.
சோப்புக்கும் அசையவில்லை.

அடியில் கிடந்ததுதான் தொல்லை.
வைக்கோல் அடைத்த உருளைத் தலையணை,
குத்திய குண்டூசிகள் துருவேறி,
முப்பத்திரண்டு நூல்கட்டைகள் தொங்க,
பாதி எழும்பிய ஓர் அலை.
ஊசியை எடுத்தால் அலை கலையும்,
நூலை அறுத்தால் கட்டைகள் அநாதை.
ஒரு வேலையும் தோன்றாமல்
வாசல் பக்க அலமாரி மேல் வைத்தேன்.
வடகாற்று வந்தால் கட்டைகள்
ஒன்றையொன்று தட்டிக்கொள்கின்றன.
ஜெர்மானோ படுக்கையிலிருந்தே காது கொடுத்து
இன்றைக்குக் கடல் வேண்டாம் என்று புரண்டு படுக்கிறான்.
வானொலியைவிட இது சரியாகச் சொல்கிறது
என்பது அவன் கட்சி.
அவனுக்குத் தூக்கம்,
என்பது என் கட்சி.

ஆகஸ்டில் சுல்மிரா விடுமுறைக்கு வந்தாள்.
சீசாவின் கழுத்தைத் தொட்டாள்,
விரலில் ஒட்டிய எண்ணெயை
ரொட்டியில் தடவித் தின்றாள்.
“அபிலியோவால் ஒரு பிரயோஜனம்,”
என்று இன்னொரு துண்டு ரொட்டி கேட்டாள்.

பேச்சோடு பேச்சாக
என் இழுப்பறையில் கிடந்த பொட்டலக் கயிற்றை உருவி
குரோஷே ஊசியில் கோத்துவிட்டாள்.
என்ன அது?
தெரியவில்லை, வளரட்டும்.
வளர்ந்தது, ஒரு சாண்,
நடுவில் கொஞ்சம் குழிந்து.
கீழே பேருந்து ஹாரன் அடித்தது.

நாற்காலியில் அப்படியே கிடந்தது,
கடைசி வளையத்தில் ஊசியோடு.
நுனியைப் பிடித்து இழுத்தால்
மறுபடி வெறும் கயிறு.
இரவு அதைச் சுற்றிக்கொண்டே நடந்தேன்,
உட்காரவில்லை.

காலையில் ஊசியை ஆணியில் மாட்டி
குழிவில் நாலு பூண்டு போட்டேன்.

தாங்குகிறது.